குழாய்க்குச் சுற்றிய சாக்கு

கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி இருமுறை கனைத்தது. ஒலிபெருக்கி கனைத்தது என்றால் அதன் பின்னால் அமர்ந்திருந்த சங்க எழுத்தர் கனைத்தார் என்பது பொருள். பள்ளத்துத் தோட்டங்களில் குனிந்திருந்த முதுகுகள் எல்லாம் நிமிர்ந்தன.

"எல்லாருக்கும் வணக்கம். வானிலை அலுவலகத்துலேர்ந்து இப்பதான் போன்ல சொன்னாங்க. இந்த வருஷம் குளிர் கொஞ்சம் தாமதமாத்தான் ஆரம்பிக்குமாம். அடுத்த வாரம் முடியற வரைக்கும் உறைபனி விழ வாய்ப்பு இல்லை. யாரும் அவசரப்பட்டுக் காயைப் பறிக்க வேண்டாம். நன்றி."

தக்காளிச் செடிகளின் நடுவே நின்றிருந்தவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார். காதில் விழுந்த செய்தியையும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆராய்வதே அவருடைய வழக்கம். புதுக் குடை வாங்கச் சென்றபோது அதைக் கடை வாசலிலேயே விரித்து, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லிப் பார்த்த பின்னரே வாங்கியவர் அவர். ஊரார் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தனர். அவரும் அப்பெயரைப் பட்டம்போல் ஏற்றுக்கொண்டிருந்தார்.

அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. மழை ஓயாததால் அவ்வாண்டு நடவு பிந்திவிட்டது. செடிகளில் காய் நிறைந்திருந்தது; ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நிறம் திரும்பியிருந்தது. சந்தைக்காரர் செங்காயையாவது எடுத்துக்கொள்வார். பச்சைக் காயைக் கையாலும் தொடமாட்டார். இன்னும் ஒரு வாரம் வெயில் கிடைத்தால் தோட்டமே சிவந்துவிடும். குளிர்காலம் முழுவதற்கும் குடும்பம் அதைக்கொண்டே நிமிர்ந்து நிற்கும். அதற்குள் ஒரே ஒரு விடியலில் உறைபனி விழுந்தாலும் போயிற்று. பள்ளத்தில்தான் குளிர் வந்து தேங்கும். பறித்தால் காய் வீண். பறிக்காமல் பனி விழுந்தால் செடியும் வீண்.

"என்னண்ணே!" என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் குரல் கொடுத்தார். எதிலும் நிதானம் இல்லாதவர் ஆதலின் அவருக்கு அவசரம் என்று பெயர். "உங்க சம்பந்தி வாயால சொல்லிட்டாரு. வீட்ல என்ன செய்யறாராம்?"

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த ஊரில் வானிலை அறிக்கையைக் காதால் கேட்பர், கண்ணால்தான் நம்புவர். சில ஆண்டுகளுக்கு முன், பனி இல்லை என்று ஒலிபெருக்கி சொன்ன மறுநாள் விடியலிலேயே உறைபனி விழுந்து, பள்ளம் முழுவதும் வெந்த கீரைபோல் துவண்டு கருகிற்று. தவறு வானிலை அலுவலகத்தினுடையது. ஆனால் அதற்கு முந்தைய மாலையில் எழுத்தரின் மனைவி வாசலில் இருந்த பூந்தொட்டிகளை எல்லாம் வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்தார். வாசற்சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதாக இருந்தது, அதற்காக வைத்தார். இந்த விளக்கத்தை ஊரார் ஒரு கணமும் ஏற்கவில்லை. ஊருக்குச் சொன்னது வேறு, வீட்டுக்குள் சொன்னது வேறு என்று முடிவு கட்டிவிட்டனர்.

அன்று முதல் எழுத்தருக்கு வானிலையார் என்ற பெயர் வழங்கலாயிற்று. அவர் வீடே வானிலை அறிக்கையும் ஆயிற்று. அவர் கட்டிலை உள்ளே இழுத்தால் தோட்டங்களில் போர்வைகள் விரியும். சன்னலைச் சாத்தினால் பாத்திகளில் வைக்கோல் பரவும். ஒருமுறை அவர் தெருவில் தும்மினார் என்பதற்காக ஒருவர் தம் கத்தரிச் செடிகளை எல்லாம் மூடி வைத்தார்.

பூதக்கண்ணாடியின் மகளை வானிலையாரின் மகனுக்குக் கொடுத்த பிறகு, ஊருக்குள் ஒருவருக்காவது அவ்வீட்டின் அடுப்பங்கரை வரை செல்லும் உரிமை கிடைத்தது. அதனை ஊரார் தம் அனைவருக்கும் கிடைத்த பேறாகவே கருதினர்.

"நான் என்ன அவர் வீட்டு வாசல்லயா குடியிருக்கேன்?" என்றார் பூதக்கண்ணாடி.

"குடியிருக்க வேண்டாம். போற வழியில ஒரு பார்வை. உங்க கண்ணுக்கு அது போதாதா?"

அவசரம் சொல்லாவிட்டாலும் அவர் அவ்வழியாகத்தான் சென்றிருப்பார். நேர்த்தெருவை விட்டுச் சம்பந்தி வீட்டுக் கொல்லைப்புறமாக நடந்தார். அங்கே அவர் கால்கள் தாமாக நின்றன. அடுப்பங்கரையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் குழாய்க்கு நெடுகச் சாக்குச் சுற்றிச் சணல் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தனர். கயிறு புதியது. கட்டியதோடு நிற்காமல், பழைய பாய் ஒன்றை அதன்மேல் சாய்த்து மறைத்தும் இருந்தனர். பாய் காற்றில் சற்றே விலகியதால்தான் சாக்குத் தெரிந்தது.

குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கச் சாக்குச் சுற்றுவது கடுங்குளிர் நெருங்கும்போது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். ஆனால் யாரும் அதைப் பாய்போட்டு மறைப்பதில்லை. மறைக்காத சாக்கு வெறும் சாக்கு. மறைத்த சாக்கு?

வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"குழாய்க்குச் சாக்கு சுத்தியிருக்கு."

"யார் வீட்ல?"

"யார் வீட்ல சுத்தினா நான் இப்படி வந்து நிப்பேன்?"

மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "சரி, சுத்தியிருக்கட்டும். அதுக்கு? அந்த மனுஷன் ஏன் ஊரைக் கூட்டிப் பொய் சொல்லணும்? அவருக்கு என்ன கிடைக்கப்போகுது?"

"மேட்டுத் தோட்டம் யாருது?"

"மாப்பிள்ளையோடது."

"அங்க என்ன போட்டிருக்கு?"

"தக்காளி."

"மேட்டுல முதல் பனி விழாது. பள்ளத்துல எல்லாம் கருகிப் போச்சுன்னா சந்தைக்கு யார் பழம் போகும்?"

மனைவி கீழே வைத்த முறத்தை மீண்டும் கையில் எடுத்தார். "அப்ப நம்ம பொண்ணுக்கும் தெரியும்ங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை. நீதான் சொல்றே."

"நல்லா இருக்கு! நம்ம கல்யாணப் போட்டோவுல எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க. நீங்க மட்டும் போட்டோக்காரரைச் சந்தேகமா பாக்கறீங்க. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

மறுநாள் காலையில் பூதக்கண்ணாடி ஒரு சல்லடையைக் கையில் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டார். வெயில் தெருவெங்கும் பரந்திருந்தது. ஆயினும் கதவு சாத்தியிருந்தது. தட்டிய பின்னும் உடனே திறக்கவில்லை. உள்ளே எதையோ இழுத்து நகர்த்தும் ஓசை கேட்டது.

"வாங்க சம்பந்தி, வாங்க. என்ன காலையிலயே?" என்றார் சம்பந்தியம்மாள், கதவைப் பாதி திறந்து.

"சல்லடையைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இது எங்களுது இல்லையே."

"அப்படியா? அப்ப யாருது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? சரி, உள்ள வாங்க."

உள்ளே சென்றவர் உட்காருமுன் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சன்னல் இடுக்குகளில் எல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. பசை வாடை இன்னும் போகவில்லை. மிதிவண்டி நிற்கும் மூலையில் மிதிவண்டி இல்லை. அங்கே ஒரு விரிப்பின் கீழ் ஏதோ குவிந்திருந்தது. விரிப்பின் ஓரத்தில் விறகின் நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. கூடம் சூளைபோல் வெம்மையாக இருந்தது. சன்னலோரத்தில் அமர்ந்திருந்த மகள், தந்தையைக் கண்டதும் மடியிலிருந்த சாம்பல் நிறப் பொருள் ஒன்றை மெத்தைக்கு அடியில் செருகினாள்.

"சன்னல்ல என்ன காகிதம்?"

"தூசி வருதுங்க" என்றார் சம்பந்தியம்மாள்.

"இத்தனை மழைக்கு அப்புறம் தூசியா?"

"தூசிக்குக் காலம் ஏதுங்க? டீ குடிக்கறீங்களா?"

"சம்பந்தி எங்க?"

"இன்னிக்குச் சீக்கிரமே ஆபீஸ் போயிட்டாரு."

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தவரை மகள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "அப்பா, நேத்து ஸ்பீக்கர்ல மாமா சொன்னது நிஜம். காயைப் பறிச்சிடாதீங்க."

"நான் பறிக்கப்போறேன்னு உனக்கு யார் சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது."

"மெத்தைக்கு அடியில என்னம்மா ஒளிச்சே?"

"ஒண்ணும் இல்லையே."

சொல்லிக்கொண்டே அவள் தன் காது மடலைத் தடவினாள். சிறுமியாக இருந்தபோது சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டு இல்லை என்று சொல்லும்போதும் அவள் அப்படித்தான் தடவுவாள். பூதக்கண்ணாடி தெருவில் இறங்கி நடந்தார். காயைப் பனி தின்றால் அடுத்த ஆண்டு வேறு நடலாம். பெற்ற மகள் தகப்பன் தோட்டம் கருகுவதைத் தெரிந்துகொண்டே வாசலில் நின்று வழியனுப்பினாள் என்றால், அதற்கு எந்த ஆண்டில் எதை நடுவது?

தோட்டத்து வேலியருகே அவசரம் காத்திருந்தார். "என்னண்ணே, பாத்தீங்களா?"

பூதக்கண்ணாடி அவரைத் தாண்டி நடந்தார். கொட்டகைக்குள் சென்று காலிப் பெட்டிகளை எடுத்து வந்தார்.

"குழாய்க்கு ஏதாவது? துணியா, சாக்கா?"

"சாக்கு."

ஒரு சொல்தான். அவசரத்துக்கு அதுவே மிகுதி. அவர் வேலியைத் தாண்டினாரா, பறந்தாரா என்பது தெரியவில்லை. உச்சிப்பொழுது ஆவதற்குள் பள்ளத்துத் தோட்டங்கள் அனைத்திலும் பெட்டிகள் இறங்கிவிட்டன. பெண்களும் ஆண்களும் வரிசையாகக் குனிந்து பச்சைக் காய்களைப் பறித்துக்கொண்டிருந்தனர். பூதக்கண்ணாடியும் முதல் வரிசைகளைப் பறித்து முடித்தார். எல்லாவற்றையும் ஒரே பகலில் பறிக்க இயலாது என்பதால், எஞ்சிய செடிகளின்மேல் வீட்டிலிருந்த பழைய போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் கொண்டுவந்து போர்த்தினார். காம்பிலிருந்து பிய்த்த காய் ஒவ்வொன்றும் கல்போல் கனத்தது.

ஒலிபெருக்கி கனைத்தது. "தயவுசெஞ்சு யாரும் காயைப் பறிக்காதீங்க. பனி இல்லை. நிஜமாவே இல்லை. கேட்டுக்கறேன்."

"கெஞ்சறாரு பாத்தீங்களா?" என்றார் அவசரம். "நேத்து சொன்னதையே இன்னிக்குக் கெஞ்சிச் சொன்னா என்ன அர்த்தம்? சீக்கிரம் பறிங்கன்னு அர்த்தம்!"

சற்று நேரத்தில் வரப்பின்மேல் மகள் வேகமாக வந்தாள். பறித்து நிரப்பிய பெட்டிகளைக் கண்டதும் அவள் முகம் சிவந்தது.

"எழுந்திரிங்க அப்பா."

"எங்க?"

"மாமாவைப் பாக்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு. நீங்க எங்க என்னைச் சொல்லாம இருக்க விட்டீங்க? வாங்க."

சங்க அலுவலகத்தின் சிறிய அறையில் சன்னல்கள் சாத்தியிருந்தன. மின்கணப்பு ஒன்று மேசைக்கு அடியில் சிவந்து எரிந்தது. வெளியே பட்டப்பகல் வெயில்; உள்ளே வானிலையார் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, கைகளைத் தொடைகளுக்கு இடையில் செருகி அமர்ந்திருந்தார். கொஞ்ச காலமாக ஆள் பெருத்துவிட்டார் என்று பூதக்கண்ணாடி நினைத்துக்கொண்டிருந்தது உண்டு.

"காட்டுங்க மாமா" என்றாள் மகள்.

வானிலையார் சட்டையைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்வெட்டர். அதன் கழுத்தை இழுத்துக் காட்டினார், அதற்குள் இன்னொன்று.

"கையைத் தொட்டுப் பாருங்க சம்பந்தி."

தொட்டார். கிணற்றுக்குள் கையை விட்டதுபோல் இருந்தது.

"வெயில் காலத்துலேர்ந்தே இப்படித்தான்" என்றார் வானிலையார். "கழுத்துல ஏதோ ஒரு சுரப்பி சோம்பேறியாயிடுச்சாம். டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, சரியாக நாளாகும்னாரு. அதுவரைக்கும் நல்லாக் கம்பளி போட்டுக்கிட்டு நடங்கன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கு நம்ம ஊரைப் பத்தி என்ன தெரியும்?"

"போட்டுக்கிட்டு நடந்தா என்ன?"

"என்னவா? நான் கழுத்துல ஒரு மப்ளரைச் சுத்திக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போனா, பள்ளத்துல ஒரு காய் செடியில நிக்குமா? குளியலறைக்குப் போறதுக்குள்ள வெந்நீர் ஆறிப்போகுதேன்னு குழாய்க்குச் சாக்கு கட்டினோம். விறகைக்கூடத் திருடன் மாதிரி கொல்லை வழியா இறக்கினோம். உங்க பொண்ணு எனக்காக ஸ்வெட்டர் பின்றா. அதையும் மெத்தைக்கு அடியில வெச்சுப் பின்றா. நான் என்ன செய்யட்டும்? குளிர்ல நடுங்கறதைக்கூட ஊருக்குத் தெரியாமத்தான் செய்ய வேண்டியிருக்கு."

பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த ஸ்வெட்டர்களை இன்றைக்கு, தாம் வருவதை அறிந்து அணிந்திருக்கலாமே என்று ஒரு நினைவு எழுந்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுக்கொண்டே குனிந்து உள் ஸ்வெட்டரின் கழுத்துப்பட்டையைப் பார்த்தார். உட்புறத்தில் பல நாள் அணிந்ததன் அழுக்குக் கோடு படிந்திருந்தது.

"என்ன, திருப்தியா?" என்றார் வானிலையார்.

"ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொல்லிடலாமே?"

"சொன்னா நம்புவாங்களா? முதல்ல நீங்க நம்பறீங்களா?"

பூதக்கண்ணாடி உண்மையைச் சொல்லிப் பழகியவர். "பாதி" என்றார்.

"அப்பா!"

"விடும்மா. உங்கப்பா பாதி நம்பினா அது மத்தவங்க முழுசா நம்பற மாதிரி" என்று வானிலையார் சிரித்தார். பிறகு எழுந்து சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். "வரது வரட்டும். இன்னிக்குச் சொல்லிடறேன்."

ஸ்வெட்டரோடு, மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த மப்ளரையும் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஒலிவாங்கியின் நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு அவர் வாசற்படியில் வந்து நின்றார். "எனக்கு உடம்பு சரியில்லை. குளிர் என் உடம்புலதான், வானத்துல இல்லை" என்று ஒலிபெருக்கி தோட்டங்களுக்குச் சொல்லிற்று.

பள்ளத்தில் ஒரு கணம் அனைவரும் நிமிர்ந்து பார்த்தனர்.

"ஸ்வெட்டரே போட்டுட்டாருடா!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் அலறிற்று.

"மப்ளரும்!"

அதுவரை கையால் பறித்தவர்கள் செடியோடு பிடுங்கத் தொடங்கினர். வானிலையார் ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டு சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். அப்பார்வையில் கோபம் இல்லை; அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

பூதக்கண்ணாடி படியிறங்கிப் பள்ளத்தை நோக்கி நடந்தார். பேசிப் பயனில்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? சொல்லை நம்பாத ஊரை அந்த நிலையில் வைத்திருந்ததில் தம் பங்கே பெரியது என்பதும் நடக்க நடக்க அவருக்குத் தெளிவாயிற்று.

"அண்ணே, ஸ்வெட்டராம்! போர்வை பத்தலைன்னா எங்க வீட்லேர்ந்து தரட்டுமா?" என்று ஓடிவந்தார் அவசரம்.

பூதக்கண்ணாடி தம் தோட்டத்தின் நடுவரிசைக்குச் சென்று, செடிகளின்மேல் கிடந்த முதற்போர்வையைப் பிடித்து இழுத்தார். எல்லாரும் பார்க்கும்படி உதறினார். நான்காக மடித்து வரப்பில் வைத்தார். அடுத்ததை இழுத்தார்.

"என்னண்ணே செய்யறீங்க?"

"வெயில் படட்டும். இன்னும் பழுக்கணுமே."

"பனி?"

"பனி எங்க இருக்கு?"

குரல் உறுதியாகத்தான் வந்தது. கடைசி விரிப்பின் அருகே மட்டும் கை சற்றுத் தயங்கிற்று. நம்பாத பாதி உள்ளே உட்கார்ந்து கேட்டது: அலுவலகமே இம்முறையும் தவறிவிட்டால்? அழுக்குக் கோடு குளிரைக் காட்டுகிறது, சரி; அடுத்த வார வானத்தைக் காட்டுமா? நாளை விடியலில் இவை அனைத்தும் துவண்டு கிடந்தால் மனைவிக்கு என்ன விடை சொல்வது? வரப்பின்மேல் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை காதுக்குச் செல்லவில்லை. அவர் விரிப்பை இழுத்தார்.

அவசரம் தம் கையிலிருந்த காயைப் பார்த்தார். பூதக்கண்ணாடியின் திறந்த செடிகளைப் பார்த்தார். "பூதக்கண்ணாடியே போர்வையை எடுத்துட்டாரு!" என்று அடுத்த தோட்டத்துக்குக் கூவினார். அங்கிருந்து அதற்கடுத்த தோட்டத்துக்கு அச்செய்தி சென்றது. பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. சற்றுமுன் பிடுங்கிய செடி ஒன்றை ஒருவர் மண்ணில் திரும்ப ஊன்றிப் பார்த்தார்.

அதன்பின் ஒவ்வொரு விடியலிலும் பூதக்கண்ணாடியே முதலாவதாகத் தோட்டத்துக்கு வந்தார். இலையைத் தொட்டுப் பார்ப்பார். விரல் நனையும், அவ்வளவுதான். நனைந்த விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, நாளை பார்ப்போம் என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். அந்த வாரம் முழுவதும் வெயில் காய்ந்தது. பள்ளம் சிவந்தது. சந்தைக்காரரின் வண்டி வந்து பழத்தை ஏற்றிக்கொண்டு சென்றது. முன்பு பறித்த பச்சைக் காய்கள் மட்டும் கொட்டகையில் சுருங்கி அழுகின. அவற்றை அள்ளிக் கொட்டும்போதெல்லாம் அவர் மனைவி, "இது குழாய்க் கணக்கு" என்று சொல்லத் தவறவில்லை.

பழம் போன பாத்திகளில் ஊரார் பின்பருவக் கீரை விதைத்தனர். அது முளைத்து இரண்டு இலை விட்டிருந்த ஒரு மாலையில் ஒலிபெருக்கி கனைத்து, உறைபனிக்கு இன்னும் சில நாள் ஆகும் என்று சொல்லிற்று. பூதக்கண்ணாடி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருவழியே வானிலையார் வந்தார். மருமகள் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரைச் சட்டைக்கு மேலேயே அணிந்திருந்தார், கழுத்தில் மப்ளர், தலையில் குல்லாய் வேறு. யாரும் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சௌக்கியமா சம்பந்தி?" என்று கையை ஆட்டிவிட்டு, சீழ்க்கையடித்துக்கொண்டே சென்றார்.

காற்றுச் சற்றுச் சில்லென்றிருந்தது. பூதக்கண்ணாடி வாசலில் கிடந்த நாற்காலியை உள்ளே எடுக்கக் குனிந்தார். எதிர்வீட்டுச் சுவரோரம் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சை நிறுத்தினார். தெருமுனையில் அவசரம் மிதிவண்டியை மிதிக்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார். இருவர் கண்களும் நாற்காலியின்மேல் இருந்தன. பூதக்கண்ணாடி நாற்காலியை எடுக்காமல், அதைத் தட்டித் தூசி போக்கியதுபோல் செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னங்க, குளிருதே, சால்வையைப் போட்டுக்கிட்டு நில்லுங்களேன்" என்று மனைவி உள்ளேயிருந்து உரக்கச் சொன்னார்.

"மெதுவாப் பேசு!"

அவர் உள்ளே சென்றார். சால்வையை நெடுக்காக மடித்து மார்பின்மேல் வைத்து, அதன்மேல் சட்டையை இழுத்துக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார்.

"கதவைச் சாத்தட்டுமா?"

"சாத்தாதே" என்றார் பூதக்கண்ணாடி, தெருப்பக்கம் ஓரக்கண்ணால் நோக்கியவாறு. "பாத்துக்கிட்டு இருக்காங்க."